புலிக் காட்டில் பிள்ளையார் திருவிழா

ஜூலை முதல் செப்டம்பர் முடிய, ராஜஸ்தானின் ரந்தம்போர் தேசியப் பூங்காவில் புலி பார்க்க வரும் ஜீப்புகளுக்கு மையப் பகுதிகளின் கதவுகள் அடைக்கப்படுகின்றன. மழைக்காலம், காட்டுக்கு ஓய்வுக் காலம். ஆனால் விநாயகர் சதுர்த்தி வருவதும் அந்த மூன்று மாதங்களுக்குள்தான். பூங்காவின் உள்ளே குன்றின்மேல் நிற்கும் கோட்டையை நோக்கி அப்போது லட்சக்கணக்கானோர் திரள்கின்றனர்.

அவர்கள் காண வருவது முக்கண் விநாயகரை. அலாவுதீன் கில்ஜியின் படை கோட்டையைச் சூழ்ந்திருந்தபோது, மன்னர் ஹம்மீரின் கனவில் தோன்றியவர் இவர் என்பது வழிவழி நம்பிக்கை. 1301-ல் கோட்டை வீழ்ந்தது, வழிபாடு நிற்கவில்லை. திருமணம் நிச்சயமான வீட்டார் முதல் அழைப்பிதழை இவருக்கே தபாலில் அனுப்புகின்றனர். தபால்காரர் சுமந்து வரும் கட்டுகளைப் பிரித்து, அர்ச்சகர் சன்னிதியில் படிக்கிறார். விலாசத்துக்கு விநாயகர் பெயரும் ஊரும் போதும்.

மூன்று நாள் விழாவில், சவாய் மாதோபூரிலிருந்து வரும் வழியெங்கும் அன்னதானப் பந்தல்கள். நனைந்தபடி வரும் கிராமத்தாரை வலிய அழைத்து உட்காரவைத்துப் பரிமாறுகின்றனர்.

1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டபோது தேர்வான முதல் 9 காப்பகங்களில் ரந்தம்போரும் ஒன்று. தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது 1980-ல். கோயில் அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது என்பதே பக்தர்களின் வாதம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

எனினும் 2025 ஏப்ரலில், தரிசனம் முடித்துக் குடும்பத்துடன் திரும்பிக்கொண்டிருந்த 7 வயதுச் சிறுவனைப் புலி கவ்விச் சென்றது. மே மாதம் வனச்சரகர் ஒருவரும், ஜூனில் கோட்டையிலுள்ள சமணக் கோயிலின் காவலாளியும் பலியாயினர். நோயுற்ற தாய்ப்புலிக்கு உயிருள்ள இரை கட்டிவைத்ததால் குட்டிகளுக்கு மனிதரிடம் அச்சம் விட்டுப்போனது என்று வன ஆர்வலர்கள் குற்றம்சாட்டினர்.

உச்ச நீதிமன்ற வழக்கையொட்டி 2012-ல் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள், காப்பகங்களுக்குள் நடைபெறும் புனித யாத்திரைகளையும் ஒழுங்குபடுத்தச் சொல்கின்றன. சுற்றுலா ஜீப்புகளை எண்ணி அனுப்புவது எளிது. சதுர்த்தியன்று நடந்து வருவோரை எண்ணி நிறுத்த எந்த மாநில அரசுக்குத் துணிவு வரும்?

தாக்குதல்களில் தொடர்புடையதாகக் கருதப்பட்ட இளம் பெண்புலி, அதே ஜூனில் மயக்க ஊசி செலுத்தப்பட்டு முகுந்தரா மலைக் காப்பகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது.