எலும்புப்புரை: படி இறங்க அஞ்ச வேண்டுமா?

பெருங்கடவிளை வட்டாரத்தில் சமதளம் அரிது. நெய்யாற்றின்கரையிலிருந்து உள்நோக்கிச் சென்றால், ரப்பரும் மரச்சீனியும் வளரும் சரிவுகளில் வீடுகள் மேலும் கீழுமாக அமைந்திருப்பதைக் காணலாம். சாலையை அடைய வெட்டுகல் படிகளில் இறங்க வேண்டும். இத்தகைய வீடொன்றில் வாழும் அறுபது வயதுப் பெண்மணிக்கு எலும்புப்புரை இருப்பதாக மருத்துவர் கூறினால், பிள்ளைகள் முதலில் சொல்வது, “இனிமேல் நீங்கள் படி இறங்க வேண்டாம், அம்மா” என்பதே. அன்பினால் பிறக்கும் அந்தத் தடை, நோயை விரைவுபடுத்தவும் கூடும்.

எலும்பு உயிருள்ள திசு. பழைய எலும்பு கரைவதும் புதியது உருவாவதும் வாழ்நாள் முழுதும் நடைபெறுகின்றன. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால், கரைதல் உருவாதலை முந்துகிறது. உட்புறம் அரித்த மரம்போல எலும்பு புரையோடுகிறது. இதை மூட்டுத் தேய்மானத்துடன் பலர் குழப்பிக்கொள்கின்றனர். தேய்மானம் வலிக்கும், எலும்புப்புரையோ முறிவு நேரும்வரை பெரும்பாலும் வலிப்பதில்லை. டெக்சா என்னும் கதிர்ப்படச் சோதனையில் ‘டி’ மதிப்பு -2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை எனக் கொள்ளும் அளவுகோலை உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்தது.

புதிய எலும்பு உருவாகத் தூண்டுதல் வேண்டும். எலும்பின்மீது விழும் எடையும் தசையின் இழுப்புமே அத்தூண்டுதல். விண்வெளியில் எடையின்றி மிதக்கும் வீரர்கள் இடுப்பெலும்பின் அடர்த்தியில் மாதத்திற்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை இழக்கின்றனர். நாற்காலியிலேயே நாளைக் கழிப்பவரின் எலும்பும் அதே திசையில்தான், மெதுவாகச் செல்கிறது.

நடைப்பயிற்சி நல்லது, ஆனால் அது மட்டும் போதாது என்பதே என் கருத்து. ஆஸ்திரேலியாவின் கிரிபித் பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், எலும்பு மெலிந்த முதிய பெண்கள் எட்டு மாதங்கள், வாரம் இருமுறை, அரைமணி நேரம், பயிற்சியாளர் மேற்பார்வையில் கனமான எடை தூக்கினர். அவர்களின் முதுகெலும்பு அடர்த்தி சுமார் 2.9 விழுக்காடு உயர்ந்தது. வீட்டில் எளிய பயிற்சி செய்த பிரிவினருக்கு 1.2 விழுக்காடு குறைந்தது. மேற்பார்வையின்றி இதை எவரும் முயலக் கூடாது. எனினும் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுவதும், சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவதும், ஒற்றைக் காலில் சில நொடிகள் நிற்பதும் பெரும்பாலோர்க்கு இயலும். கால் வலுவும் சமநிலையும் கூடக்கூட, விழும் வாய்ப்புக் குறையும்.

அஞ்ச வேண்டியது படியை அன்று, முன்குனிதலை. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை மருத்துவர்கள் 1984-இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்று இன்றும் பேசப்படுகிறது. முதுகெலும்பில் புரை கண்ட பெண்களுள் முன்குனியும் பயிற்சி செய்தோரில் 89 விழுக்காட்டினருக்குப் புதிய முறிவுகள் ஏற்பட்டன. முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சி செய்தோரில் 16 விழுக்காட்டினருக்கே. ஆகவே யோகம் பயில்வோர் பாதஹஸ்தாசனம், பஸ்சிமோத்தானாசனம் போன்றவற்றை விட்டுவிடுவது நன்று. முற்றம் பெருக்க நீண்ட கைப்பிடி கொண்ட வாரியல் வேண்டும். கிணற்றடியில் நிறைகுடத்தைக் குனிந்து திருகித் தூக்குவதைவிட, இரு சிறு வாளிகளில் பாதி பாதியாக, முழங்காலை மடித்து, உடலோடு ஒட்டிப் பிடித்துத் தூக்கலாம். வேலையை விடச் சொல்லவில்லை. செய்யும் முறையை மாற்றச் சொல்கிறோம்.

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் வெட்டுகல் படிகளில் பாசி படரும். அதைச் சுரண்டி நீக்குவதும், படியோரம் ஒரு இரும்புக் குழாயைக் கைப்பிடியாகப் பதிப்பதும், தேய்ந்த ரப்பர்ச் செருப்பை எறிவதும் பெருஞ்செலவுகள் அல்ல. இடுப்பு அறுவைச் சிகிச்சைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே அல்ல. இரவில் எழுந்தவுடன் தலைசுற்றினால் இரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். கண்புரையைத் தள்ளிப்போட வேண்டாம்.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. மரச்சீனியில் அது மிகக் குறைவு. கேழ்வரகு மாவு 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உள்ளது. மரச்சீனிக்குத் துணையாக முள்ளோடு உண்ணும் நெத்தோலி, பிறகு தயிர், எள் என நம் சமையலறையிலேயே வழி உண்டு. வைட்டமின் டி அளவைச் சோதித்து, குறைந்திருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் உட்கொள்ளலாம்.

மருந்துகளில் ஓர் எச்சரிக்கை. வாரம் ஒருமுறை உண்ணும் அலென்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு குவளை நிறைய நீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும். ஆறு மாதத்திற்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தாமே நிறுத்துவது ஆபத்து; தடுத்து வைத்திருந்த எலும்பிழப்பு விரைந்து திரும்பி, முதுகெலும்பு முறிவுகள் தொடரக் கூடும்.

எழுபது வயதைக் கடந்தோர்க்கு வீட்டு வாசலிலேயே வங்கிச் சேவை வழங்குமாறு இந்திய ரிசர்வ் வங்கி 2017-இல் அறிவுறுத்தியுள்ளது. மழைநாளில் அதைத் தயங்காமல் கேளுங்கள். வெயில் நாளில், மருத்துவர் தடுக்கவில்லையெனில், கைத்தடியுடன் மெதுவாகப் படியிறங்கி நீங்களே கிளைக்கு வருவதையே விரும்புவோம்.