ஆய்வுக்கூடக் குப்பியை உடம்பில் ஏற்றாதீர்கள்

ஜொகூர், இஸ்கந்தர் புத்திரியில் உள்ள பயோ எக்ஸ்செல் பூங்காவில் பயோகான் நிறுவனத்தின் இன்சுலின் ஆலை இயங்குகிறது. மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈஸ்ட்டுக்குள் புகுத்தி, அந்த ஈஸ்ட்டைக் கொண்டே இன்சுலினை உருவாக்கும் தொழில்நுட்பம் அந்நிறுவனத்துடையது. ஆய்வுக்கூடங்களுக்கு விற்கப்படும் 'மறுசேர்க்கை மனிதப் புரதங்களும்' ஏறக்குறைய இப்படித்தான் பிறக்கின்றன, பெரும்பாலும் இ.கோலை பாக்டீரியாவில். அதனால் 'இன்சுலின் மாதிரிதான் இதுவும், பயப்படாதீர்கள்' என்று சொல்லி அப்படியொரு புரதத்தை ஊசியில் ஏற்ற ஒருவர் முன்வந்தால் நம்பத் தோன்றும். நம்பக்கூடாது.

துத்தநாக விரல் புரதங்களையே எடுத்துக்கொள்வோம். 1985இல் ஆரன் குளுக்கின் கேம்பிரிட்ஜ் குழு, தவளையின் முட்டைச் செல்லில் இருந்த ஒரு புரதத்தை ஆராய்ந்தபோது இந்த அமைப்பைக் கண்டறிந்தது. சுமார் 30 அமினோ அமிலங்கள் ஒரு துத்தநாக அயனியைச் சுற்றி மடிந்து, விரல் போல டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும். எந்த மரபணு விழிக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்பதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. மனித மரபணுத் தொகுதியில் இவ்வகைப் புரதங்களுக்கான மரபணுக்கள் சுமார் 700 உள்ளன.

அவற்றில் ஒன்றான பி.சி.எல்.11ஏ, கருவில் உருவான ஹீமோகுளோபினைப் பிறந்த பிறகு அடக்கிவைக்கிறது. தலசீமியா நோயாளிகளுக்கான 'காஸ்கெவி' சிகிச்சை, நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களைத் திருத்தி இப்புரதத்தின் அளவைக் குறைக்கிறது. பிரிட்டன் 2023 நவம்பரிலும், அமெரிக்கா தலசீமியாவுக்கென 2024 ஜனவரியிலும் அதை அனுமதித்தன. அமெரிக்காவில் அதன் விலை 2.2 மில்லியன் டாலர். மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோருக்கு 'அதே புரதம், மலிவு விலையில்' என்ற பேச்சு எவ்வளவு ஆசை காட்டும்! ஆனால் அந்தச் சிகிச்சை புரதத்தைக் குறைக்கிறதே தவிர, ஊசியில் ஏற்றுவதில்லை. ஏற்றினாலும் அது செல்லின் உட்கருவுக்குள் தானாகப் போய்ச் சேராது.

ஆய்வுப் புரதக் குப்பியின் லேபிளைப் படித்தாலே பாதி உண்மை தெரியும். அளவு 10 அல்லது 50 மைக்ரோகிராம். தூய்மை 80 அல்லது 90 விழுக்காட்டுக்கு மேல். கழித்தல் 20 அல்லது 80 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும். நோயாளிக்கான அளவு அதில் இருக்காது, மலேசியப் பதிவெண்ணும் இருக்காது. மீதமுள்ள விழுக்காட்டில் பாக்டீரியாவின் நச்சு மிச்சம் இருக்கலாம். அது ரத்தத்தில் கலந்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மலேசியாவில் விற்கப்படும் மருந்து தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வில் பதிவாகி, 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணைப் பெற்றிருக்க வேண்டும். 'நாட்' எண் கொண்டவை அழகுசாதனப் பொருள்கள். அவை மேற்பூச்சுக்கானவை, எந்த அழகு நிலையமும் அவற்றை ஊசியில் ஏற்றக்கூடாது. பதிவில்லா மருந்தை விற்கும் தனிநபருக்கு முதல் குற்றத்திற்கே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நிறுவனத்துக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். புற்றுநோய், நீரிழிவு, சிறுநீரக நோய் ஆகியவற்றைக் குணமாக்கும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டம் தடை செய்கிறது.

'இது மருத்துவ ஆய்வு, கையெழுத்துப் போடுங்கள்' என்றால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். புரிகிற மொழியில் விளக்கம் பெறுவதும், எப்போது வேண்டுமானாலும் விலகுவதும் உங்கள் உரிமை. ஆய்வு என்று சொல்லிவிட்டு மருந்துக்குப் பணம் கேட்டாலே சந்தேகப்பட வேண்டும்.

ஊசி போட்ட பிறகு உடம்பு சரியில்லையென்றால் முதலில் மருத்துவமனைக்குப் போங்கள், வெட்கப்பட்டு எதையும் மறைக்க வேண்டாம். குப்பி, பெட்டி, ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பக்க விளைவை என்.பி.ஆர்.ஏ.விடமும், விற்பனையைச் சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவிடமும் புகார் செய்யலாம். விற்றவரிடம் பணத்தைத் திரும்பப் பெற, பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்துவிட வேண்டும்.