ஆளுக்கொரு சதுரம்: கின்னஸ் சாதனை படைத்த குரோஷா போர்வை உருவானது எப்படி?

குந்தா குளிருக்குக் கம்பளிப் போர்வை இல்லாமல் முடியாது. ஆனால் குரோஷா போர்வையில் கின்னஸ் சாதனை படைத்தது, கம்பளியே தேவைப்படாத சென்னை!

2016 ஜனவரி 31 அன்று, சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழு விரித்த போர்வையின் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். கிட்டத்தட்ட ஒன்றரை கால்பந்து மைதானம்!

எப்படி முடிந்தது? ஸ்வெட்டர் பின்னும்போது ஊசி நிறைய கண்ணிகள் இருக்கும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரே கண்ணிதான். அதனால் அவரவர் வீட்டிலேயே சிறு சதுரங்களாகப் பின்னி, பிறகு இணைத்துவிடலாம்.

ஒரே கண்டிஷன்: எல்லோரும் ஒரே தடிமன் நூல், ஒரே அளவு ஊசி எடுக்கணும். அப்படியும் கை இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும். அளந்து அளந்து பின்னுங்க.

சாதனைக்குப் பிறகு அந்தப் போர்வை பிரிக்கப்பட்டு, ஏழைகளுக்கு வழங்கப்பட்டது. குந்தாவில் நாலு பேர் சேர்ந்தாலே, அடுத்த குளிருக்குள் ஒரு போர்வை ரெடி!