வெளியில பார்!

ஆல்ப்ஸ் மலைக்கு மேலே ஒரு சிறிய வெள்ளை விமானம் பறக்கிறது. இயந்திரச் சத்தமே இல்லை. அதன் பெயர் கிளைடர். மலைச்சரிவில் மேலே எழும் காற்று அதைத் தூக்கிச் செல்கிறது. அதே காற்றைத் தேடி வேறு கிளைடர்களும் வரும். மேகத்துக்கும் பனிக்கும் முன்னால் வெள்ளை விமானம் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அவை மோதிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இந்த ஆபத்தைக் குறைக்க 2004ஆம் ஆண்டு சுவிஸ் நாட்டில் ஒரு கருவி அறிமுகமானது. அதன் பெயர் ஃபிளார்ம். அது எப்படி வேலை செய்கிறது?

முதலில், ஜிபிஎஸ் மூலம் தான் இருக்கும் இடத்தை அறிகிறது. அடுத்த சில விநாடிகளில் எந்தப் பாதையில் போகும் என்று கணக்கிடுகிறது. அதை ரேடியோ மூலம் மற்ற விமானங்களுக்குச் சொல்கிறது. அவற்றின் பாதையையும் கேட்டு அறிகிறது. இரண்டும் மோதலாம் என்றால், "பீப், பீப்!" என்று ஒலிக்கும். விளக்கு எரிந்து திசையைக் காட்டும்.

நீங்கள் ஒரு கிளைடரில் விமானியோடு போவதாக நினைத்துப் பாருங்கள்.

"மாமா, கருவி சத்தம் போடேல்லை. அப்ப பக்கத்தில ஒருத்தரும் இல்லைத்தானே?" என்று கேட்கிறீர்கள்.

"அப்பிடி நினைக்காதை, பிள்ளை. மற்ற விமானம் செய்தி அனுப்பாட்டி, இதுக்கு அது தெரியாது. பறவையள் கருவி வைச்சிருக்கோ? நீயும் வெளியில பார்!" என்கிறார் விமானி.

கருவி ஓர் உதவியாளர் மட்டுமே. எந்தப் பக்கம் திரும்புவது என்று அது சொல்லாது. அதனால் நல்ல விமானி,

• பார்வையை மறைக்காத இடத்தில் கருவியைப் பொருத்துவார்.
• அது வேலை செய்கிறதா என்று புறப்படும் முன் பார்ப்பார்.
• ஆண்டுக்கு ஒரு முறையாவது மென்பொருளைப் புதுப்பிப்பார்.
• ஒலி கேட்டதும், கருவி காட்டிய திசையில் வெளியே தேடுவார்.

நீங்களும் உதவலாம். பெரிய கடிகாரம் ஒன்றின் நடுவில் இருப்பதாக எண்ணுங்கள். நேர் முன்னால் 12 மணி. வலப்பக்கம் 3 மணி. இடப்பக்கம் 9 மணி. ஒரு விமானத்தைக் கண்டால், "2 மணியில ஒரு விமானம்!" என்று சொல்லுங்கள்.

அது கண்ணாடியில் ஒரே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வருகிறதா? அப்படியானால் அது உங்கள் மீது மோதக்கூடும். உடனே சொல்லுங்கள்!

செய்து பாருங்கள்: நீங்கள் இப்போது இருக்கும் இடத்திலிருந்து, வகுப்பறைக் கதவு எத்தனை மணியில் இருக்கிறது?