எதிரே இருப்பவரை வரைதல்

கண்டிக்கு அருகே தெகல்தொருவ குகை விகாரையில் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் உள்ளன. சிவப்புப் பின்னணியில் அரசரும் குடிகளும் ஏறத்தாழ ஒரே உடல்வாகுடன் நிற்கிறார்கள். அது மரபு வகுத்த உடல். கண்டியில் 1901இல் பிறந்து, '43 குழு'வில் இயங்கிய ஜோர்ஜ் கீற், விகாரை ஓவியங்களின் கோட்டை நவீன ஓவியத்துக்குள் கொண்டுவந்தார்.

உயிருள்ள ஒருவரைப் பார்த்து வரைவது வேறு பயிற்சி. அவருடைய சம்மதத்தோடுதான் தொடங்க வேண்டும். முதலில் ஓரிரு நிமிடக் கோடுகள்: பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பவை மட்டும். முகமும் விரல்களும் பிறகு.

மனப்பாடமான உடலுக்கு எப்போதும் இரண்டு கால்கள். எதிரே இருப்பவர் போரில் ஒரு காலை இழந்தவரென்றால், ஊன்றுகோலில் இறங்கும் பாரத்தையும் உயர்ந்த தோளையும் கண்டபடியே வரைய வேண்டும். இல்லாத காலைக் கை தன்பாட்டில் வரைந்துவிடாமல் கண்ணைப் பழக்குவதே இந்தப் பயிற்சி.