சர்வர் அறை – 14: சாட்சி சொல்லும் கடிகாரம்

லாக் கோப்புகளை எங்கே சேமிப்பது என்று சென்ற வாரம் பார்த்தோம். அவற்றில் பதிந்த நேரமே தவறென்றால், சேமித்தும் பயனில்லை.

ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். 2022 ஜனவரி 1 முதல் ஆவடிக்குத் தனி போலீஸ் கமிஷனரகம் இயங்குகிறது. அம்பத்தூரும் அங்குள்ள டேட்டா சென்டர்களும் அதன் எல்லைக்குள் வருகின்றன. அங்கே ஒரு சைபர் புகார் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வருக்குள் புகுந்தவரின் ஐபி முகவரி லாக்கில் இருக்கிறது. ஆனால், மொபைல் நிறுவனங்கள் ஒரே ஐபி முகவரியை ஒரே சமயத்தில் பல சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்து தருகின்றன. முகவரியோடு போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் சேர்ந்தால்தான் ஆளைச் சொல்ல முடியும். நம் சர்வர் இரண்டு நிமிடம் பிந்தி ஓடினால், சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டுக் கதவை போலீஸ் தட்ட நேரலாம். நேரத்தைச் சரியாக வைப்பது அட்மினின் கடமை என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

அரசும் இதை உணர்ந்திருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொன்னதோடு, சர்வர்களின் கடிகாரங்களை தேசிய தகவலியல் மையத்தின் (என்ஐசி) அல்லது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் (என்பிஎல்) நேரத்தோடு இணைக்கவும் சொன்னது. இந்திய நேரத்தை அணுக் கடிகாரங்களால் காத்துவருவது என்பிஎல்தான்.

ஒரு காலத்தில் அந்தப் பொறுப்பு நம் சென்னையில் இருந்தது. நுங்கம்பாக்கம் வானாய்வகம் கணித்த மெட்ராஸ் நேரத்தைத்தான் 19ஆம் நூற்றாண்டில் இந்திய ரயில்வே பின்பற்றியது. ஆவடி வழியாகப் போன ரயில்களும் அந்த நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி 1 அன்று இந்தியத் திட்ட நேரம் வந்தபோது, கடிகாரங்கள் மெட்ராஸ் நேரத்தைவிட ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னே நகர்ந்தன.

இனி வேலைக்கு வருவோம். மதர்போர்டில் உள்ள குவார்ட்ஸ் படிகம் வெப்பத்தாலும் வயதாலும் தடுமாறும். பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே நாளுக்கு 1.7 வினாடி, மாதத்தில் ஐம்பது வினாடியைத் தாண்டிவிடும். இதைத் திருத்தத்தான் டேவிட் மில்ஸ் என்.டி.பி. என்ற நெறிமுறையை வகுத்தார். 1985இல் அது ஆவணமானது. கேள்வி கிளம்பியது, போய்ச் சேர்ந்தது, பதில் கிளம்பியது, வந்து சேர்ந்தது என நான்கு நேரங்களைக் குறித்து, வழியில் ஆன தாமதத்தைக் கழித்து, கடிகார வித்தியாசத்தை அது கணக்கிடுகிறது.

லினக்ஸில் இதற்கு நான் பரிந்துரைப்பது 'க்ரோனி' என்ற மென்பொருள். அதன் கான்ஃபிக் கோப்பில் என்ஐசியின் 'சமய்' சர்வர்கள் இரண்டு, என்பிஎல் சர்வர் ஒன்று, பொது என்.டி.பி. சர்வர் தொகுப்பிலிருந்து ஒன்று என நான்கு எழுதுங்கள். இரண்டே இருந்து அவை முரண்பட்டால், எது பொய் சொல்கிறது என்று க்ரோனிக்குத் தெரியாது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'ஐபர்ஸ்ட்' சேர்த்தால் முதல் ஒத்திசைவு சீக்கிரம் நடக்கும். 'மேக்ஸ்டெப் 1.0 3' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். முதல் மூன்று திருத்தங்களில் மட்டும், வித்தியாசம் ஒரு வினாடிக்கு மேல் இருந்தால், நேரத்தை ஒரேயடியாக மாற்ற அது அனுமதிக்கிறது. அதற்குப் பிறகு வேகத்தைச் சற்றே கூட்டியும் குறைத்தும்தான் திருத்தும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் நேரம் திடீரெனப் பின்னோக்கிப் போனால் பதிவுகளின் வரிசையே குலைந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

சர்வீஸை மறுபடி தொடங்கியதும் 'க்ரோனிசி சோர்சஸ்' கொடுத்துப் பாருங்கள். ஒரு வரியில் நட்சத்திரக் குறி இருக்க வேண்டும். அந்த சர்வரைத்தான் க்ரோனி பின்பற்றுகிறது. 'ரீச்' பத்தியில் 377 என்று வந்தால், கடைசி எட்டுக் கேள்விகளுக்கும் பதில் வந்திருக்கிறது என்று பொருள். பூஜ்ஜியமாகவே நின்றால் பெரும்பாலும் ஃபயர்வால்தான் காரணம். யுடிபி 123ஆம் போர்ட்டை வெளியே போக விடுங்கள்.

சிறிய பட்டறைகளும் கடைகளும் ஒன்று செய்யலாம். இந்த ஒரு லினக்ஸ் இயந்திரத்தில் 'அலோ' வரியில் உங்கள் உள் நெட்வொர்க்கைக் குறிப்பிட்டால், மற்ற கணினிகளும் சிசிடிவி ரெக்கார்டரும் இதனிடமே நேரம் கேட்டுக்கொள்ளும். காட்சிப் பதிவைப் போலீஸ் கேட்கும் நாள் வரை காத்திருக்காமல், இந்த வாரமே ரெக்கார்டரின் நேரத்தை உங்கள் கைப்பேசி நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.