கடிகாரத்தின் முன் ஓர் எழுத்தாளர்

நுழையும்முன்

எழுத ஆர்வம் உண்டு. எழுதத்தான் நேரம் இல்லை என்று கூறுவோர் எக்காலத்திலும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலப் புதின ஆசிரியர் ஆண்டனி டிரோலப் 33 ஆண்டுகள் அஞ்சல்துறையில் முழுநேர அலுவலராகப் பணியாற்றினார். குதிரையிலும் தொடர்வண்டியிலும் கப்பலிலும் ஓயாது பயணம் செய்தார். அவ்வாறு இருந்தும் தம் வாழ்நாளில் 47 புதினங்களை எழுதினார். அவர் எழுதியது எப்போது, எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மருந்துப் புட்டியும் மைப்புட்டியும்

1834ஆம் ஆண்டு, கடன் தொல்லையால் இங்கிலாந்தைவிட்டு வெளியேறிய ஒரு குடும்பம் பெல்ஜியம் நாட்டின் புரூஜ் நகரை அடுத்து ஒரு வீட்டில் தங்கியிருந்தது. மகன் ஒருவர் காசநோயால் மெலிந்து படுக்கையில் கிடந்தார். தந்தையோ வழக்கறிஞர் தொழிலிலும் வேளாண்மையிலும் தோற்று, உடல்நலமும் குன்றியிருந்தார். இருவருக்கும் பணிவிடை செய்தவர் ஃபிரான்சிஸ் டிரோலப் என்னும் 55 வயதுத் தாய். குடும்பம் உண்டதும் உடுத்தியதும் அவருடைய எழுத்தின் வருவாயால்தான்.

அவர் எழுத வந்ததே காலம் கடந்துதான். அமெரிக்க மக்களின் வாழ்க்கைமுறை பற்றிய அவருடைய முதல் நூல் 1832இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 53. அதன்பின் எழுதுவதை அவர் நிறுத்தவேயில்லை. அதிகாலை நான்கு மணிக்கே எழுத அமர்ந்துவிடுவார். வீட்டார் விழித்தெழும்போது அன்றைய எழுத்துவேலை முடிந்திருக்கும். புரூஜ் வீட்டில் மருந்துப் புட்டிகளுக்கும் மைப்புட்டிக்கும் சமமான இடம் இருந்தது எனப் பிற்காலத்தில் அவருடைய இளைய மகன் நினைவுகூர்ந்தார். 1834 டிசம்பரில் மகன் மறைந்தார். மறு ஆண்டு கணவரும் மறைந்தார். அந்நாள்களிலும் அத்தாய் எழுதிக்கொண்டிருந்தவை துன்பியல் கதைகள் அல்ல. படிப்போர் பொழுதுபோக்காகப் படிக்கும் புதினங்கள். அவர் 76 வயதுவரை எழுதினார். அவர் எழுத்துகள் 114 தொகுதிகளாக வெளிவந்தன.

கவலையில் மூழ்கிய உள்ளத்தை இரண்டாகப் பகுத்து, ஒரு பகுதியைப் பணிக்கெனத் தெளிவாக வைத்துக்கொள்ளும் அந்த ஆற்றலைத் தாம் வேறு எவரிடமும் கண்டதில்லை என்று அந்த இளைய மகன் எழுதினார். அவரே ஆண்டனி டிரோலப்.

காலம் தவறிய எழுத்தர்

தாயிடமிருந்து இப்பழக்கம் மகனுக்குத் தானாக வந்துவிடவில்லை. 1834இல் தம் 19ஆம் வயதில் இலண்டன் தலைமை அஞ்சலகத்தில், ஆண்டுக்கு 90 பவுண்டு ஊதியத்தில் டிரோலப் எழுத்தராகச் சேர்ந்தார். நேரத்திற்கு அலுவலகம் வாராதவர் என்றே அங்கே பெயர் எடுத்தார். கடனும் அவரைத் துரத்தியது. பின்னாளில் கடிகாரத்தை முன்வைத்து எழுதிய ஒருவர் தம் இளமையில் கடிகாரத்தோடு ஓயாது பிணங்கியவர் என்பது வியப்பிற்குரியது.

ஆயினும் ஒரு பயிற்சி அவரிடம் இருந்தது. 15 வயது முதல் பத்தாண்டுகள் அவர் நாட்குறிப்பு எழுதிவந்தார். 1870இல் அதை எடுத்துப் படித்தபோது, தம் அறியாமையும் சோம்பலும் ஊதாரித்தனமும் பக்கந்தோறும் தெரிந்தமையால் வெட்கமுற்று அதை அழித்துவிட்டார். ஆனால், விரைந்து எழுதும் கைப்பழக்கத்தையும் எண்ணியதைத் தடையின்றிச் சொல்லும் திறனையும் தந்தது அந்நாட்குறிப்பே என்பதை அவர் மறைக்கவில்லை.

1841இல் பணி மாற்றம் பெற்று அயர்லாந்து சென்றபின் அவர் வாழ்க்கை திருந்தியது. 1843இல் முதல் புதினத்தைத் தொடங்கினார். அது அச்சேற நான்கு ஆண்டுகள் ஆயின. முதல் மூன்று புதினங்களையும் படித்தோர் மிகச் சிலரே.

தொடர்வண்டியில் ஒரு மேசை

1851இல் டிரோலப்பிற்குப் புதிய பணி ஒன்று தரப்பட்டது. இங்கிலாந்தின் மேற்குப் பகுதிச் சிற்றூர்களுக்குக் கடிதங்கள் சென்று சேரும் வழிகளை நேரில் ஆராய்ந்து சீர்செய்வது அப்பணி. நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 மைல் குதிரைமீது செல்ல வேண்டியிருந்தது. எழுதுவதற்கு அக்காலத்தில் நேரமே கிட்டவில்லை. சால்ஸ்பரி நகரப் பேராலயத்தைச் சுற்றி ஒரு கோடைக்கால மாலையில் நடந்தபோது தோன்றிய கதை, நூலாக 1855இல்தான் வெளிவந்தது.

பின்னர்த் தொடர்வண்டிப் பயணம் மிகுந்தது. பயணத்தில் பல மணி நேரம் வீணாவதைக் கண்ட அவர், மடியில் வைத்து எழுதத்தக்க சிறு பலகை ஒன்றைச் செய்துகொண்டார். பென்சிலால் எழுதுவார், அவர் மனைவி ரோஸ் அதைப் பின்னர்ப் படியெடுப்பார். ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ என்னும் புகழ்பெற்ற புதினத்தின் பெரும்பகுதி இவ்வாறு எழுதப்பட்டதே. நான்கைந்து பயணிகள் பார்த்திருக்க எழுதுவது, தம்மை எழுத்தாளர் என்று காட்டிக்கொள்வதுபோல் அவருக்கே கூச்சம் தந்தது. நாளடைவில் கூச்சம் அகன்றது.

தெரிந்து தெளிவோம்

தெருவோரங்களில் தபால்பெட்டி வைக்கும் முறையைப் பிரிட்டனின் அஞ்சல்துறைக்குப் பரிந்துரைத்தவர் டிரோலப். அவர் பரிந்துரைப்படி 1852இல் ஜெர்சி தீவில் முதற்பெட்டிகள் நிறுவப்பட்டன.

பக்கக் கணக்கேடு

டிரோலப்பின் முறைக்கு உயிராக இருந்தது ஒரு கணக்கேடு. புதிய புதினத்தைத் தொடங்கும்போது, அதை முடிப்பதற்கு எத்தனை வாரங்கள் வேண்டும் எனக் கணித்து, அவ்வாரங்களுக்கு ஓர் ஏட்டில் கட்டங்கள் வரைவார். நாள்தோறும் எழுதிய பக்கங்களின் எண்ணிக்கையை அதில் குறிப்பார். பக்கம் என்பது ஒருவர் விருப்பப்படி சுருங்கவும் விரியவும் கூடியது அன்றோ? அதனால் ஒரு பக்கத்திற்கு 250 சொற்கள் என வரையறுத்து, ஒவ்வொரு சொல்லையும் எண்ணினார்.

வாரத்திற்குச் சராசரியாக 40 பக்கங்கள், அதாவது 10,000 சொற்கள். ஆனால், இவ்வளவு மாறாதது அன்று. அலுவல் மிகுந்த காலத்தில் 20 பக்கங்கள் எனக் குறைத்துக்கொண்டார். ஓய்வு வாய்த்த காலத்தில் 112 பக்கங்கள்வரை உயர்த்தினார். அவர் முறை நெடுங்காலம் நிலைத்ததற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. தம் வாழ்க்கையின் சுமை எவ்வளவு என்பதை முதலில் நேர்மையாக எடைபோட்டு, அதற்கேற்ற அளவைத் தாமே விதித்துக்கொண்டார். அளவு விதித்தபின் அதில் சலுகை இல்லை. ஒருநாள் எழுதாவிடில் கட்டம் வெறுமையாக நின்று அவரையே நோக்கும். மறுநாள்களில் கூடுதலாக உழைத்தால் அவ்வாரத்தின் கணக்கு நேராகிவிடும். குறைந்த பக்கங்களோடு ஒரு வாரம் கழிந்தால் அது கண்ணை உறுத்தும் புண்ணாயிற்று என்கிறார். ஒரு மாதம் அவ்வாறு கழிந்திருந்தால் அது நெஞ்சுக்குத் துயரமாகியிருக்கும் என்பதும் அவர் கூற்றே.

என்றோ ஒருநாள் செய்யும் பெருமுயற்சியைக் காட்டிலும், நாள்தோறும் தவறாது செய்யும் சிறுபணி வலிமை மிக்கது என்பது அவர் கருத்து. கல்லைக் குடையும் நீர்த்துளியை அதற்கு உவமையாக்கினார். நம்மவர், எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பர்.

ஐந்தரை மணி

1859இன் இறுதியில் டிரோலப், இலண்டனுக்கு அருகிலுள்ள வால்தம் கிராஸ் என்னும் ஊரில் குடியேறினார். அலுவலகப் பணியோடு, வாரத்தில் இருநாளேனும் குதிரையேறி நரி வேட்டைக்குச் செல்லும் வழக்கமும் அவருக்கு இருந்தது. அதைக் கைவிட அவர் விரும்பவில்லை. எனவே, வைகறைப்பொழுதை எழுத்துக்கு ஒதுக்கினார். காலை 5.30 மணிக்கு மேசைமுன் இருக்கவேண்டும் என்பது விதி. குதிரைகளைப் பேணிய முதிய பணியாளர் ஒருவர், குறித்த நேரத்தில் காப்பியோடு வந்து அவரை எழுப்புவார். இதற்கென ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதல் ஊதியம். அம்முதியவர் ஒருநாளும் தவறியதில்லை. தம் வெற்றிக்கு மற்றெவரையும்விட அவருக்கே கடமைப்பட்டிருப்பதாக டிரோலப் எழுதுகிறார். ஓர் எழுத்தாளரின் நன்றிக்கு உரியோர் பட்டியலில் இத்தகையோர் பெயர் அரிதாகவே இடம்பெறும்.

முதல் அரைமணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். சொற்களின் ஓசையைச் செவியால் எடைபோட்டுத் திருத்துவார். பின்னர்க் கடிகாரத்தை எதிரில் வைத்து, கால்மணி நேரத்திற்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். இரண்டரை மணி நேரத்தில் 2,500 சொற்கள். காலை உணவுக்கு உடைமாற்றிக்கொள்ளும் முன்பே எழுத்தாளரின் வேலைநாள் முடிந்துவிடும். அதன்பின் அவர் அஞ்சல்துறை அலுவலர்.

எழுதுகோலைக் கடித்தபடி சுவரை வெறித்து நோக்காமல் அவரால் எழுத முடிந்தது எவ்வாறு? கதைமாந்தரோடு அவர் எப்போதும் உடன்வாழ்ந்தார். நடக்கும்போதும் உறங்கச் செல்லும்போதும் விழிக்கும்போதும் அவர்கள் அவரோடு இருந்தனர். மேசைமுன் அமரும் மூன்று மணி நேரம் அறுவடைக்காலம் மட்டுமே. உழவு நாள் முழுதும் நடந்தது.

கடற்பயணத்திலும்

1858இல் அஞ்சல்துறை அவரை எகிப்துக்கு அனுப்பியது. இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்லும் அஞ்சல் பைகளை எகிப்து வழியே தொடர்வண்டியில் கொண்டுசெல்ல உடன்படிக்கை காண்பது அவர் கடமை. கொந்தளித்த கடலில் கப்பல் ஆட, எழுதிக்கொண்டிருந்த தாளை மேசைமீது விட்டுவிட்டு வாந்தி எடுக்க ஓடினார். திரும்பி வந்து எழுதினார். எகிப்தில் ‘டாக்டர் தோர்ன்’ புதினம் முடிந்தது. மறுநாளே அடுத்த புதினத்தைத் தொடங்கினார். 1871இல் ஆஸ்திரேலியாவிற்குச் சென்றபோது கப்பல் அறையில் மேசை பொருத்தச் செய்து, வாரத்திற்கு 66 பக்கங்கள் வீதம் எட்டு வாரங்களில் ஒரு புதினத்தை முடித்தார். நோயால் ஒரே ஒருநாள் மட்டும் எழுதவில்லை.

எழுந்த மறுப்பு

தம் எழுத்துமுறையையும் ஈட்டிய பணத்தையும் ஒளிவின்றிக் கூறும் தன்வரலாற்றை எழுதி, தம் இறப்பிற்குப் பின் வெளியிடுமாறு மகனிடம் ஒப்படைத்திருந்தார் டிரோலப். அது 1883இல் வெளிவந்தபோது பலர் முகம் சுளித்தனர். கலையை நூல்நூற்பதுபோல் கணக்கிட்டுச் செய்வதா என்று வினவினர். டிரோலப் இதை எதிர்பார்த்தே இருந்தார். அகத்தூண்டலுக்காக எழுத்தாளர் காத்திருத்தல், செருப்புத் தைப்பவர் அதற்காகக் காத்திருப்பதைப் போன்ற பொருந்தாச் செயலே என்று முன்னரே எழுதிவைத்திருந்தார்.

மறுப்பில் உண்மை அறவே இல்லை எனல் ஆகாது. அவருடைய 47 புதினங்களும் ஒரே தரத்தின அல்ல. கணக்கை நிரப்ப நீண்ட பகுதிகளும் அவற்றில் உண்டு. ஆனால், அவருடைய சிறந்த புதினங்களும் அதே மேசையில், அதே கடிகாரத்தின் முன் எழுதப்பட்டவையே.

இறுதிப் புதினம்

ஒரு புதினத்தை முழுதும் எழுதி முடிக்காமல் அதன் முதற்பகுதியை இதழில் வெளியிடக் கூடாது என்பது டிரோலப் கொண்டிருந்த மற்றொரு விதி. 1860இல் தொடங்கிய ‘கார்ன்ஹில்’ இதழுக்காக ஒருமுறை அதை மீறியதுண்டு. அவர் காலத்துப் பெரும்புதின ஆசிரியர்களான தாக்கரே, கேஸ்கல் அம்மையார், டிக்கன்ஸ் ஆகிய மூவரும் தம் இறுதிப் புதினத்தை முடிக்காமலே மறைந்தனர் என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

முதுமையில் அவர் கை தளர்ந்தது. தம் மனைவியின் உடன்பிறந்தார் மகளான பெண் ஒருவர் எழுதிக்கொள்ள, அவர் சொல்லிவந்தார். அயர்லாந்தைக் களமாகக் கொண்ட ‘தி லேண்ட்லீகர்ஸ்’ புதினம் அவ்வாறு வளர்ந்துகொண்டிருந்தபோது, 1882 நவம்பரில் பக்கவாதம் தாக்கியது. டிசம்பர் 6ஆம் நாள் அவர் மறைந்தார். அப்புதினம் இதழில் தொடராக வரத் தொடங்கியிருந்தது. இறுதி இயல்கள் எழுதப்படவில்லை.